மெயில் பாஸ்வேர்டை மாற்றிவிட்டால் போதுமா? பூக்கல் பட்டறையில் நாங்கள் படிப்படியாகச் செய்தது

“தம்பி, நீங்க மெயில்ல அனுப்பின புது அக்கவுண்டுக்கு முன்பணம் போட்டுட்டேன், வந்துச்சா?”

கோயம்புத்தூர் வாடிக்கையாளர் போனில் இப்படிக் கேட்டபோது, காரைக்குடிப் பக்கத்து ஆத்தங்குடியில், தரையில் பதிக்கும் பூக்கற்களைத் தொட்டித் தண்ணீரிலிருந்து எடுத்துக் காய வைத்துக்கொண்டிருந்தோம். எங்களுக்குப் புது அக்கவுண்ட் எதுவும் கிடையாது. அவர் போட்ட 40,000 ரூபாய் யாரிடமோ போய்விட்டது.

அவர் திருப்பி அனுப்பிய விலைப்பட்டியலைத் திறந்து பார்த்தேன். அச்சு அசலாக எங்களுடையதுதான். அதே தலைப்பு, அதே சதுர அடி விலை. “பதித்தபின் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கவும்” என்று நாங்கள் கீழே போடும் வரிகூட அப்படியே இருந்தது. வங்கி எண்ணும் ஐஎஃப்எஸ்சி கோடும் மட்டும் வேறு. எங்கள் ஜிமெயிலுக்குள் ஒருவன் உட்கார்ந்து, கடிதப் போக்குவரத்தை முழுக்கப் படித்து, அதே தொடரில் பதில் போட்டிருக்கிறான். “மெயில் பெட்டி நிறைந்துவிட்டது, உள்நுழைந்து சரிசெய்க” என்று இரண்டு வாரம் முன்னால் வந்த ஒரு லிங்கில் நான் பாஸ்வேர்டைத் தட்டியிருந்தேன். வழி அதுதான்.

காரைக்குடிப் பக்கம் பலகாரம், கண்டாங்கிச் சேலை, பழம்பொருள் என்று மெயிலிலும் வாட்ஸ்அப்பிலும் ஆர்டர் எடுக்கும் எல்லாருக்கும் இது நடக்கலாம். அதனால் வரிசையாக எழுதுகிறேன்.

1. முதலில் பணம், அப்புறம்தான் கம்ப்யூட்டர்

பணம் யார் கணக்கிலிருந்து போனதோ அவர்தான் கூப்பிட வேண்டும். தன் வங்கிக்கு ஒரு போன், உடனே 1930-க்கு (சைபர் மோசடிக்கான அரசு உதவி எண்) ஒரு போன். பரிவர்த்தனையின் யூடிஆர் எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், முதலில் கேட்பது அதைத்தான். பிறகு சைபர்கிரைம்.கவ்.இன் (cybercrime.gov.in) தளத்தில் புகாரைப் பதிந்து, ஒப்புகை எண்ணைக் குறித்துவைக்க வேண்டும். எங்கள் வாடிக்கையாளர் முக்கால் மணி நேரத்துக்குள் கூப்பிட்டதால் 26,000 ரூபாயை அந்தக் கணக்கிலேயே நிறுத்திவைக்க முடிந்தது. மீதி அதற்குள் அடுத்த கணக்குக்குத் தாவிவிட்டது. “சாயங்காலம் பார்த்துக்கலாம்” என்று மட்டும் விட்டுவிடாதீர்கள்.

2. எதையும் அழிக்காதீர்கள்

பதற்றத்தில் மோசடி மெயிலை அழிக்கத்தான் கை போகும். வேண்டாம். ஜிமெயிலில் அந்தக் கடிதத்தின் மூன்று புள்ளியைத் தொட்டு ‘ஷோ ஒரிஜினல்’ எடுத்துச் சேமியுங்கள். திரையைப் படம் எடுங்கள். கம்ப்யூட்டரில் ஏதோ ஏறியிருக்கிறது என்று சந்தேகம் வந்தால் நெட்டை மட்டும் துண்டியுங்கள், உடனே ஃபார்மட் அடிக்காதீர்கள்.

3. நான் கோட்டை விட்ட இடம்

அன்றே வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து பாஸ்வேர்டை மாற்றினேன். எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றினேன். முடிந்தது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் சென்னையிலிருந்து ஓர் ஆர்க்கிடெக்ட் போனில், “அட்வான்ஸ் பத்தி ரெண்டு மெயில் போட்டேன், பதிலே இல்லையே அண்ணே” என்றார். இன்பாக்ஸில் ஒன்றும் இல்லை. ‘ஆல் மெயில்’ பகுதியில் பார்த்தால் இரண்டும் இருக்கின்றன, ஏற்கெனவே படித்ததாகக் குறி போட்டு.

காரணம் ஃபில்டர், அதாவது வரும் மெயிலை என்ன செய்வது என்று முன்கூட்டியே போட்டுவைக்கும் விதி. ஜிமெயிலைக் கம்ப்யூட்டரில் திறந்து, பல்சக்கரக் குறி, ‘சீ ஆல் செட்டிங்ஸ்’, அதில் ‘ஃபில்டர்ஸ் அண்ட் பிளாக்ட் அட்ரஸஸ்’ என்று போங்கள். எங்கள் பக்கத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. அட்வான்ஸ், பேமென்ட், அக்கவுண்ட் ஆகிய சொற்களில் ஏதாவது ஒன்று வந்தால் இன்பாக்ஸுக்கு வராது, படித்ததாகக் குறிக்கப்படும், இன்னொரு முகவரிக்கு நகல் போகும். அந்த முகவரி எங்களுடையது போலவே இருந்தது, நடுவில் ஓர் எழுத்து மட்டும் கூடுதல். பாஸ்வேர்டை நூறு முறை மாற்றினாலும் இந்த வரி போகாது. திருடனை வெளியே தள்ளிப் பூட்டிய பிறகும், பணம் பற்றி வந்த ஒவ்வொரு கடிதத்தையும் அவன் படித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

படம் எடுத்துக்கொண்டு அதை நீக்குங்கள். அதோடு இவற்றையும் பாருங்கள்:

- ‘ஃபார்வர்டிங் அண்ட் பாப்/ஐமேப்’ பகுதியில் தெரியாத முகவரி
- ‘அக்கவுண்ட்ஸ் அண்ட் இம்போர்ட்’ பகுதியில், உங்கள் கணக்கைத் திறக்க வேறு யாருக்காவது அனுமதி இருக்கிறதா என்பது
- கூகுள் கணக்கின் செக்யூரிட்டி பக்கத்தில் ரெகவரி போன், ரெகவரி மெயில், தெரியாத ஆப்கள்

இன்பாக்ஸின் அடியில் வலப்பக்கம் ‘டீடெயில்ஸ்’ என்று பொடி எழுத்தில் இருக்கும். எந்தெந்த இடத்திலிருந்து கணக்கு திறக்கப்பட்டது என்று அது காட்டும்.

4. வாடிக்கையாளர்களுக்குச் சொல்லுங்கள், மெயிலில் அல்ல

மெயிலையே நம்ப முடியாத நேரத்தில் மெயிலில் எச்சரித்து என்ன பயன்? எங்கள் அப்பச்சி (அப்பா) இன்றும் பேரேடு எழுதுகிறார். அதன் கடைசிப் பக்கங்களில் வாடிக்கையாளர் எண்கள் எல்லாம் அவர் கைப்பட இருந்தன. அதை வைத்து ஒரே நாளில் 31 பேரைக் கூப்பிட்டோம். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் ஒருவர்கூட ஆர்டரை ரத்து செய்யவில்லை.

தொழில் நடத்துபவர்கள் செர்ட்-இன் (இணையத் தாக்குதல்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பு) அமைப்புக்கும் தகவல் தர வேண்டும். 2022-இல் வந்த உத்தரவுப்படி, தெரியவந்த 6 மணி நேரத்துக்குள்.

5. இனி வராமல் இருக்க

இரண்டடுக்குச் சரிபார்ப்பு கட்டாயம். எஸ்எம்எஸ் ஓடிபியைவிட, போனிலேயே எண்ணை உருவாக்கித் தரும் ஆதென்டிகேட்டர் ஆப்தான் என் தேர்வு, உங்கள் சிம்மை யாராவது ஏமாற்றி வாங்கினாலும் அது சிக்காது. ஆனால் போலிப் பக்கத்தில் நீங்களே அந்த எண்ணையும் தட்டினால் அதுவும் போய்விடும். அந்த வகையில் பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதில் போனின் கைரேகை அல்லது பூட்டால் உள்நுழைவது) இன்னும் நல்லது. பேக்கப் கோடுகளை அச்செடுத்துப் பேரேட்டோடு வையுங்கள்.

டேலி கணக்குத் தரவை வாரம் இருமுறை வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, எடுத்ததும் வயரைக் கழற்றிவிடுங்கள். சொருகியே கிடந்தால், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் அதையும் பூட்டிவிடும். மாதம் ஒருமுறை அதிலிருந்து திறந்து பாருங்கள்.

இப்போது எங்கள் விலைப்பட்டியலில் ஒரு வரி சிவப்பில் இருக்கிறது: “எங்கள் வங்கிக் கணக்கு மாறாது. மாறியதாகக் கடிதம் வந்தால் பணம் போடும் முன் போனில் கேளுங்கள்.” நாங்கள் சிமெண்டும் நிறமும் வாங்கும் இடத்துக்கும் இதே முறைதான். கூப்பிடும் எண் பழைய நோட்டில் இருப்பது, வந்த மெயிலில் இருப்பது அல்ல.

பின்சேர்க்கை 1: பள்ளத்தூரில் பலகாரம் செய்து அனுப்பும் ஓர் அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று ஒரு ஃபைல் வந்ததாம். பெயரின் கடைசியில் ஏபிகே என்று இருந்தால் அது பத்திரிகை இல்லை, ஆப். நிறுவிவிட்டால் ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். வேறு போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டுக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். போனை ரீசெட் செய்தபின் வாட்ஸ்அப்பில் ‘லிங்க்ட் டிவைசஸ்’ பாருங்கள். ##002# அழைத்தால் யாராவது போட்டுவைத்த கால் ஃபார்வர்டிங் எல்லாம் நீங்கும்.

பின்சேர்க்கை 2: “மூன்றாவது படியில் நீங்கள் சொன்ன ஃபில்டர் பக்கம் என் போனில் இல்லையே” என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். ஜிமெயில் ஆப்பில் அது கிடையாது, கம்ப்யூட்டர்தான் வேண்டும். அதற்காக பிரவுசிங் சென்டருக்குப் போய்த் திறக்காதீர்கள். வீட்டுப் பிள்ளைகளின் லேப்டாப்பை வாங்கி, இன்காக்னிட்டோவில் திறந்து, பார்த்து முடித்ததும் வெளியேறி மூடிவிடுங்கள்.