உங்கள் துணி இன்றைக்கு யாரிடம் இருக்கிறது? ஜாப் ஒர்க் ஸ்டாக்கைக் கணினிக்குள் கொண்டுவரும் வழி

திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் யாரிடமாவது குடோனில் எவ்வளவு துணி இருக்கிறது என்று கேட்டால், எழுந்துபோய் எட்டிப் பார்த்தாவது பதில் சொல்லிவிடுவார். நிட்டிங்கில் எத்தனை கிலோ, சாயப்பட்டறையில் எத்தனை கிலோ, பவர் டேபிளில் (கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் யூனிட்) எத்தனை பீஸ் என்று கேட்டுப் பாருங்கள். மேனேஜருக்கு போன் போகும், மேனேஜர் டிசி (சரக்கோடு போகும் டெலிவரி சலான்) புக்கைத் தேடுவார், டிசி புக் வண்டிக்காரரிடம் இருக்கும், வண்டிக்காரர் போனை எடுக்க மாட்டார். சரக்கை வெளியாட்களிடம் கொடுத்துக் கூலிக்கு வேலை வாங்குவதுதான் ஜாப் ஒர்க், அதனால் காசு போட்டு வாங்கிய சரக்கில் பாதிக்கு மேல் அடுத்தவர் கட்டடத்தில் கிடக்கும் தொழில் இது. அதற்குக் கணக்கு வைக்கத்தான் இந்தக் குறிப்பு. பத்து மெஷினிலிருந்து அறுபது மெஷின் வரை ஓடும் கம்பெனிகளை மனதில் வைத்து எழுதுகிறேன், பெரிய எக்ஸ்போர்ட் குழுமங்களுக்கு இது தேவைப்படாது.

முதலில் சாஃப்ட்வேர் வாங்காதீர்கள். சாஃப்ட்வேர் போட்டுக் கொடுப்பதே என் பிழைப்பு, இருந்தும் சொல்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும் ஆர்டரில் ஒன்றை எடுத்து, ஒரே ஒரு லாட்டை (ஒன்றாகச் சேர்ந்து போகும் ஒரு தொகுதிச் சரக்கு) நூலிலிருந்து பேக்கிங் வரை நீங்களே பின்தொடருங்கள். கையில் ஒரு நோட்டு போதும். எங்கே எடை போடுகிறார்கள், யாருடைய தராசு, எந்தச் சீட்டில் எழுதுகிறார்கள், அந்தச் சீட்டு கடைசியில் யார் மேஜைக்குப் போகிறது, அவ்வளவுதான் எழுத வேண்டியது. பெரும்பாலான கம்பெனிகளில் இதைச் செய்த மூன்றாம் நாளே ஒரு விஷயம் தெரிந்துவிடும்: நூல் மில்லிலிருந்து நேராக நிட்டிங்குக்குப் போகிறது, அங்கிருந்து கிரே துணி (சாயம் ஏறாத துணி) நேராகச் சாயப்பட்டறைக்குப் போகிறது, அங்கிருந்து காம்பாக்டிங் (துணியின் அளவை நிலைப்படுத்தும் வேலை) போய் முடிந்த பிறகுதான் முதன்முதலாக உங்கள் கேட்டைத் தாண்டி உள்ளே வருகிறது. அதாவது சரக்கு உங்கள் கண்ணில் படாமலே மூன்று கை மாறிவிட்டது. கேட்டில் ஒரு கம்ப்யூட்டரை வைத்து இன்வர்ட், அவுட்வர்ட் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று விற்கிறார்களே, அந்த சாஃப்ட்வேர் இந்த மூன்று கட்டத்தையும் பார்க்கவே பார்க்காது.

அதனால் கணக்கைத் தொடங்கும் இடம் டிசி. நிட்டிங் யூனிட்டிலிருந்து சாயப்பட்டறைக்குத் துணி போனால் உங்களிடம் இரண்டு என்ட்ரி விழ வேண்டும், நிட்டிங்கில் இருந்து வரவு, சாயப்பட்டறைக்குப் பற்று. சரக்கு உங்கள் வாசலுக்கு வராவிட்டாலும் என்ட்ரி இரண்டுதான். இதை ஒரே என்ட்ரியாக "நிட்டிங் டு டையிங்" என்று சுருக்கினால், நிட்டிங்காரர் அனுப்பிய எடையும் பட்டறைக்காரர் வாங்கிய எடையும் வேறாக இருக்கும்போது வித்தியாசத்தை எங்கே எழுதுவது என்று தெரியாமல் நிற்பீர்கள். வித்தியாசம் இல்லாத லாட்டை நான் இன்னும் பார்த்ததில்லை.

அடுத்தது பெயர் வைப்பது. சலிப்பான வேலைதான், ஆனால் இதில் கோட்டைவிட்டவர்கள் ஆறு மாதத்தில் எக்செலுக்கே திரும்பிவிடுகிறார்கள். ஒரு கம்பெனியில் ஒரே துணிக்கு ஐந்து பெயர் இருந்தது, "எஸ்ஜே நேவி 180", "சிங்கிள் ஜெர்சி நேவி ப்ளூ", "நேவி 180 ஜிஎஸ்எம்" இப்படி. ஸ்டாக் ஐந்தாகப் பிரிந்து, இரண்டு மைனஸில் கிடந்தது. துணி வகை, நூல் நம்பர், ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்), டயா (துணியின் அகலம்), கலர் என்று வரிசையை ஒரு தடவை முடிவு செய்துவிடுங்கள், புது ஐட்டம் திறக்கும் அதிகாரத்தை ஒரே ஆளுக்கு மட்டும் கொடுங்கள். முதலாளிக்குக்கூட அந்த அதிகாரம் வேண்டாம், முதலாளிகள்தான் இதில் பெரிய குற்றவாளிகள்.

டேலி பிரைம் வைத்திருப்பவர்கள் தனியாக எதுவும் வாங்காமலே பாதி தூரம் போய்விடலாம். எஃப்11-இல் ஜாப் ஆர்டர் பிராசஸிங்கை ஆன் செய்தால் ஜாப் ஒர்க் அவுட் ஆர்டர், மெட்டீரியல் அவுட், மெட்டீரியல் இன் என்ற வவுச்சர்கள் வரும். ஒவ்வொரு நிட்டிங் யூனிட்டையும், ஒவ்வொரு பட்டறையையும், ஒவ்வொரு பவர் டேபிளையும் ஒரு குடோனாகத் திறந்து, நம் சரக்கு மூன்றாம் ஆளிடம் இருக்கிறது என்று குறித்துவிடுங்கள். பேட்ச் வசதியையும் ஆன் செய்து, பேட்ச் நம்பர் இடத்தில் லாட் நம்பரைப் போடுங்கள். சர்வரில் ஓட வேண்டும், பல பேர் ஒரே நேரத்தில் போனிலிருந்து பார்க்க வேண்டும் என்றால் இஆர்பிநெக்ஸ்ட் மாதிரி ஓப்பன் சோர்ஸ் இருக்கிறது, அதிலும் சப்கான்ட்ராக்டிங் உண்டு. லைசென்ஸ் காசு மிச்சம், ஆனால் அதைக் கட்டி மேய்க்க ஓர் ஆள் வேண்டும். திருப்பூருக்கென்றே செய்த லோக்கல் சாஃப்ட்வேர்களும் நிறைய. எதைக் காட்டினாலும் ஒரே கேள்வி கேளுங்கள்: "இந்த லாட் நிட்டிங்கில் 12 கிலோ குறைவு என்பதை எந்த ஸ்கிரீனில் பார்ப்பது?" டெமோ கொடுப்பவர் டாஷ்போர்டைத் திறந்து வண்ண வண்ணப் படங்களைக் காட்ட ஆரம்பித்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

சரி, பார்கோடு. எல்லோருக்கும் இதில்தான் ஆசை. நிட்டிங்கில் ரோல் இறங்கியதும் ரோல் நம்பர், எடை போட்டு ஸ்டிக்கர் ஒட்டுவது நல்ல பழக்கம், செய்யுங்கள். ஆனால் அந்த ஸ்டிக்கர் சாயப்பட்டறை வாசல் வரைதான். உள்ளே போனதும் ரோல்களைப் பிரித்து, முனையோடு முனை தைத்து, ஒரு மெஷின் கொள்ளும் அளவுக்குச் சேர்த்து, வெந்நீரிலும் கெமிக்கலிலும் சுற்றவிடுகிறார்கள். எந்த ஸ்டிக்கரும் அதில் பிழைக்காது. ரோல் அங்கே செத்து, டையிங் லாட்டாகப் பிறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காம்பாக்டிங் முடிந்து வருவது புது ரோல், புது நம்பர், புது ஸ்டிக்கர். சாஃப்ட்வேரில் பழைய ரோல் நம்பரைக் கடைசிவரை இழுத்துக்கொண்டு வர முயற்சி செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன், பாவம். நிட்டிங் வரை ரோல், பட்டறையில் லாட், வெளியே வந்ததும் லாட்டுக்குக் கீழே புது ரோல், கட்டிங்குக்குப் பிறகு பண்டில் (வெட்டிய பீஸ்களின் கட்டு). இந்த நான்கு அடுக்கு போதும். டையிங் லாட் நம்பரை மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். ஒரே நேவியில் இரண்டு லாட் என்றால் இரண்டு ஷேடு. முன்பக்கம் ஒரு லாட்டிலும் கை இன்னொரு லாட்டிலும் வெட்டிவிட்டால், டியூப்லைட்டில் தெரியாது, வெயிலில் பையர் பார்க்கும்போது தெரியும்.

இப்போது எடை. இந்தக் குறிப்பில் ஒரே ஒரு இடத்தை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ஒரு கம்பெனியில் 1,000 கிலோ நூல் நிட்டிங்குக்குப் போய் 988 கிலோ கிரே துணியாக வந்தது. பட்டறையிலிருந்து 40 ரோல், 936 கிலோ. சாயம் போடுவதில் ஐந்து சதவீதம் எடை லாஸ் ஆகும் என்று பேசியிருந்தார்கள், கணக்குப்படி 938.6 வர வேண்டும், இரண்டரை கிலோ குறைவு, பரவாயில்லை என்று பாஸ் செய்துவிட்டார்கள். பீஸுக்கு, வேஸ்ட்டும் சேர்த்து, 200 கிராம் துணி கன்சம்ஷன், அப்படியானால் 4,680 பீஸ் வர வேண்டும். வந்தது 4,560. முதலாளி கட்டிங் மாஸ்டரைப் பிடித்துக்கொண்டார். "துணிய நான் வீட்டுக்கா கட்டிக்கிட்டுப் போனேன்? மறுபடியும் எடை போட்டுப் பாருங்கண்ணா" என்றார் மாஸ்டர். போட்டோம். வெட்டிய பீஸ் ஒன்று 165 கிராம், 4,560-க்கு 752.4 கிலோ. கட்டிங் வேஸ்ட் மூட்டைகள் 156. வெட்டாமல் மிஞ்சிய துண்டுகள் 11.6. மொத்தம் சரியாக 920. பதினாறு கிலோ எங்கே?

மூலையில் சாய்த்து வைத்திருந்த காலி பேப்பர் குழாய்களை எடுத்து, ரோலைச் சுற்றி வந்த பாலித்தீன் கவரோடு தராசில் வைத்தோம். ஒரு குழாயும் கவரும் சேர்ந்து 400 கிராம். நாற்பது ரோலுக்குப் பதினாறு கிலோ. துணி வந்ததே 920-தான். பட்டறையின் லாஸ் ஐந்து சதவீதம் இல்லை, கிட்டத்தட்ட ஏழு. அவர்கள் திட்டம் போட்டுச் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை, குழாயின் எடையைக் கழிக்கும் பழக்கமே அங்கே இல்லை. ஆனால் கெட்ட பெயர் கட்டிங் மாஸ்டருக்கு.

அதனால் உங்கள் என்ட்ரி ஸ்கிரீனில் மொத்த எடை, குழாய்-கவர் எடை, நிகர எடை என்று மூன்று கட்டம் இருக்க வேண்டும். நிகர எடையைக் கையால் அடிக்க விடாதீர்கள், சாஃப்ட்வேரே கழித்துக்கொள்ளட்டும். எலக்ட்ரானிக் தராசின் பின்னால் பெரும்பாலும் ஒரு சீரியல் போர்ட் இருக்கும், அதிலிருந்து ஒரு வயரை கம்ப்யூட்டருக்கு இழுத்தால் எடை தானாகவே கட்டத்தில் விழும். 28.6-ஐ 26.8 என்று அடிக்கும் வியாதி அன்றைக்கே குணமாகும். தராசுக்கு வருடாந்திர முத்திரை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, ஈரம். பருத்தி காற்றிலிருந்து தண்ணீரை இழுக்கும். 8.5 சதவீதம் ஈரம் இருக்கும் என்று வைத்துத்தான் நூல் வியாபாரமே நடக்கிறது. டிரையரிலிருந்து சூடாக இறங்கிய ரோலையும் ஐப்பசி மழையில் இரண்டு நாள் குடோனில் கிடந்த ரோலையும் எடை போட்டால் ஒரே எடை வராது. ஆகவே அரை கிலோ, ஒரு கிலோ வித்தியாசத்துக்கெல்லாம் சண்டை போடாமல், உதாரணமாக ஒரு சதவீதத்துக்குள் இருந்தால் தானாக மூடு, தாண்டினால் நிறுத்திக் கேள் என்று சாஃப்ட்வேரில் எல்லை வைத்துவிடுங்கள். எல்லை எவ்வளவு என்பது உங்கள் பழைய லாட்களைப் பார்த்து நீங்கள் முடிவு செய்ய வேண்டியது, பக்கத்துக் கம்பெனிக்காரர் வைத்ததை வாங்கிப் போடாதீர்கள். வெள்ளைக்கும் டார்க் கலருக்கும் லாஸ் ஒன்றாக இருக்காது, கலர்வாரியாகப் பிரித்து வையுங்கள்.

கட்டிங்கில் கிலோ பீஸாக மாறுகிறது. இந்த இடத்தில் கணக்கை முடித்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்: உள்ளே போன துணி ஒரு பக்கம், பீஸ் எடை, வேஸ்ட், மிஞ்சிய துண்டு மறுபக்கம். மேலே சொன்ன அதே கூட்டல்தான். இது முடியாமல் பண்டில் ஸ்டிக்கர் பிரிண்ட் ஆகக் கூடாது என்று ஒரு பூட்டுப் போட்டுவிட்டால், யாரும் யாருக்கும் ஞாபகப்படுத்தவே வேண்டாம். அதற்குப் பிறகு வரும் ஸ்டிச்சிங், செக்கிங், அயர்னிங், பேக்கிங் எல்லாம் எண்ணிக்கைக் கணக்கு, ஒப்பிட்டால் சுலபம். பவர் டேபிளுக்குப் போன பண்டிலும் வந்த பண்டிலும் ஸ்கேன் ஆனால் போதும், ரிஜெக்ட் பீஸுக்கு மட்டும் தனி குடோன்.

ஜிஎஸ்டிக்காகவும் இது வேண்டும். ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய சரக்கு ஒரு வருடத்துக்குள் திரும்பி வர வேண்டும், அல்லது அங்கிருந்தே விற்றிருக்க வேண்டும். இல்லையென்றால் அனுப்பிய தேதியிலேயே விற்றதாகக் கணக்கு, வரியும் வட்டியும் உங்கள் தலையில். ஜாப் ஒர்க்குக்குப் போன, வந்த சரக்கைக் காட்டும் ஐடிசி-04 படிவம், வருட டர்ன்ஓவர் 5 கோடியைத் தாண்டினால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, தாண்டாவிட்டால் வருடத்துக்கு ஒருமுறை. ஒரு ஜாப் ஒர்க்கரிடமிருந்து இன்னொருவருக்கு நேராக அனுப்பலாம், சட்டம் தடுக்கவில்லை, டிசியில் அது பதிவாகியிருக்க வேண்டும். முதல் நாளிலிருந்து இரண்டு என்ட்ரி போட்டுக்கொண்டு வந்தால் படிவத்துக்கான விவரம் பட்டனைத் தட்டினால் வரும், இல்லாவிட்டால் அரையாண்டுப் படிவத்தின் கடைசி நாளான அக்டோபர் 25-க்கு முந்தின வாரம் ஆபீஸே தூங்காது. சரக்கு வண்டிக்கு ஆன்லைனில் எடுக்கும் இ-வே பில்லையும் மறக்காதீர்கள்: தமிழ்நாட்டுக்குள் என்றால் ஒரு லட்ச ரூபாய்க்கு மேல், வெளிமாநிலத்துக்கு ஜாப் ஒர்க் போனால் மதிப்பு எவ்வளவாக இருந்தாலும் வேண்டும்.

2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த மாதிரி ஒரு காலை மறுபடி வந்தால், எந்தப் பட்டறைக்குள் உங்கள் துணி எத்தனை கிலோ, எந்த ஆர்டருடையது என்று டீ ஆறுவதற்குள் சொல்ல முடியுமா? உங்கள் சாஃப்ட்வேருக்கு வைக்க வேண்டிய பரீட்சை அதுதான்.

தொடங்கும்போது எல்லா ஆர்டரையும் ஒரே நாளில் ஏற்றாதீர்கள். பழைய லாட் பழைய நோட்டிலேயே முடியட்டும், புது ஆர்டர் மட்டும் சாஃப்ட்வேரில். இரண்டு மாதத்தில் பழையது தானாகத் தீர்ந்துவிடும். என்ட்ரி போடுபவர் அக்கவுண்ட்ஸில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையாக இல்லாமல், டிசி முதலில் கைக்கு வரும் ஆளாக இருக்கட்டும். டிசியை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடச் சொல்லுங்கள், என்ட்ரி அன்றைக்கே விழ வேண்டும், நாளைக்கு என்றால் நாளைக்கு நான்கு டிசி சேர்ந்துவிடும்.

திங்கட்கிழமை காலையில் ஒவ்வொரு யூனிட்டுக்கும் அவரவர் கணக்கை அனுப்பிவிடுங்கள், "உங்களிடம் எங்கள் சரக்கு இவ்வளவு, லாட்வாரியாக இது". முதல் மூன்று வாரம் யாரும் பதில் போட மாட்டார்கள். நான்காவது வாரம் நிட்டிங்காரர் கூப்பிட்டு, "அந்த 12 கிலோ போன மாசமே அனுப்பிட்டோமுங்க, டிசி நம்பர் சொல்றேன் எழுதிக்கோங்க" என்பார்.

எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் அந்த டிசி யார் மேஜை டிராயரில் கிடந்தது என்றும் பாருங்கள்.