தொலைதூர வேட்டைக்குக் குறைந்த விலை ஸ்கோப்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து குளிர்கால வேட்டைக்குக் கரூ என்ற வறண்ட நிலப் பக்கம் போகிறவர்கள், ரைபிளில் மாட்டிக் குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பை வாங்கும்போது முதலில் கேட்பது, எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பதைத்தான். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. ஒரே விலைக்கு 3-9×40 (3 முதல் 9 மடங்கு, 40 மி.மீ. முன் லென்ஸ்), 6-24×50 என இரண்டு கிடைத்தால், இரண்டாவதில் லென்ஸிலோ உள்ளே இருக்கும் இயந்திரத்திலோ தரத்தைக் குறைத்திருப்பார்கள். 300 மீட்டரில் நிற்கும் ஸ்பிரிங்பொக் மானுக்கு 9 மடங்கு தாராளம். 24 மடங்கில் கானலும் கை நடுக்கமும் சேர்ந்தே பெரிதாகும். பார்வைப் பரப்பும் சுருங்கிவிடுவதால், சுட்டதும் மான் எந்தப் பக்கம் ஓடியது என்றே தெரியாது. அடிபட்ட விலங்கைத் தேட முடியாமல் விடுவதைவிடப் பெரிய பிழை வேட்டையில் இல்லை.

வெளிச்சத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. முன் லென்ஸின் விட்டத்தை மடங்கால் வகுத்துப் பாருங்கள்; கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் தெரியும். 40-ஐ 8-ஆல் வகுத்தால் 5 மி.மீ.; 50-ஐ 24-ஆல் வகுத்தால் 2 மி.மீ.தான். அந்தியில் கண்மணி அதைவிட அதிகமாக விரிந்திருக்கும். எனவே காட்சி மங்கலாகவே தெரியும். 30 மி.மீ. குழாய் வெளிச்சத்தைக் கூட்டாது, குறியை ஏற்றி இறக்கும் டயலைத் திருப்ப இடம் தரும், அவ்வளவே.

விலை மலிந்த ஸ்கோப்பில் அதிகம் ஏமாற்றுவது டயல். 'கிளிக்' என்று சத்தம் வந்தால் போதாது. எழுதியிருக்கும் அளவுக்குக் குண்டு நகர வேண்டும். மில் என்பது ஒரு கோண அளவு. 0.1 மில் கிளிக் என்றால் 100 மீட்டரில் 1 செ.மீ. அங்கே குறிவைத்த இடத்திலேயே குண்டு விழும்படி ஸீரோ செய்துவிட்டு, உயரமான தாளின் அடிப்புள்ளியையே குறிவைத்து, 50 கிளிக் ஏற்றி மூன்று குண்டு சுடுங்கள். சரியாக 50 செ.மீ. மேலே விழ வேண்டும். பிறகு டயலை இறக்கினால் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். 47 செ.மீ.தான் ஏறியது என்றால் 6 சதவீதப் பிழை. 400 மீட்டரில் 3 மில் ஏற்ற வேண்டிய ரைபிளில் அது 7 செ.மீ. கீழே இறக்கிவிடும். அப்படிப்பட்ட ஸ்கோப்பில் டயலைத் தொடாமல், குறுக்குக்கோட்டில் உள்ள குறிகளை வைத்தே சுடுவது நல்லது. ஆனால் ஜூம் மாற்றும்போது குறுக்குக்கோடு பெரிதாகாத வகை என்றால், அந்தக் குறிகள் கையேடு சொல்லும் ஒரே மடங்கில்தான் செல்லும். பெரும்பாலும் அது உச்ச மடங்கு. ஜூமைப் பாதியாக்கினால் அதே குறியின் மதிப்பு இரட்டிப்பாகும்.

டயல் மில்லிலும் குறுக்குக்கோடு எம்.ஓ.ஏ. என்ற வேறொரு கோண அளவிலும் இருப்பதை வாங்கவே வேண்டாம்.

கண் நகரும்போது குறுக்குக்கோடும் இலக்கின் மேல் நகர்வதுபோல் தெரிவதுதான் பாரலாக்ஸ். அது 100 மீட்டருக்கு நிலையாகச் சரிசெய்து வைக்கப்பட்ட 40 மி.மீ. ஸ்கோப்பில், கண் நடுவிலிருந்து விலகினால் 300 மீட்டரில் 4 செ.மீ. வரை குறி தவறலாம். அதற்கு மேல் தூரம் போகிறவர்கள் பாரலாக்ஸைத் தூரத்துக்கேற்பச் சரிசெய்யும் பக்கவாட்டுக் குமிழ் உள்ளதையே பாருங்கள்.

கையில் இருக்கும் ரேண்ட் முழுவதையும் ஸ்கோப்பிலேயே போட்டுவிட்டு அதை ரைபிளோடு பிடித்திருக்கும் ரிங்கை மட்டமானதாக மாட்டுவதும் வழக்கமாக நடக்கிறது. மேல்மூடித் திருகுகளுக்கு 2 நியூட்டன் மீட்டர் அளவு இறுக்கம் போதும். தயாரிப்பாளர் வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். கூடினால் குழாய் நசுங்கி டயல் சிக்கும்; குறைந்தால் பின்னுதைப்பில் ஸ்கோப் நழுவும். ரிங்கின் ஓரமாகக் குழாயில் பென்சில் கோடு ஒன்று போட்டு வையுங்கள். நழுவியிருந்தால் அடுத்த முறை பார்த்ததுமே தெரிந்துவிடும்.