போனில் மட்டும் தப்பாகத் திறந்த வரைபடம்

இணையப் பக்கத்தில் 1200 பிக்சல் அகலமுள்ள வரைபடம். மாவட்டத்தைத் தொட்டால் அதன் விவரம் வர வேண்டும். கணினியில் சரியாக வந்தது. போனில் வேறு மாவட்டம் திறந்தது. படம் திரையைத் தாண்டாதிருக்க 'மேக்ஸ்-விட்த் 100%' என்ற சிஎஸ்எஸ் விதியைப் போட்டதும் படம் சுருங்கும், ஆனால் தொடும் பகுதியைக் குறிக்கும் 'ஏரியா' டேக்கின் 'கோஆர்ட்ஸ்' எண்கள் (அப்பகுதி படத்தில் எங்கே என்று பிக்சலில் சொல்பவை) சுருங்காது. அதுதான் கோளாறு.

ஜாவாஸ்கிரிப்டில் படத்தின் 'கிளையன்ட்விட்த்'தை (திரையில் தெரியும் அகலம்) 'நேச்சுரல்விட்த்'தால் (படத்தின் மூல அகலம்) வகுத்து, ஒவ்வொரு 'கோஆர்ட்ஸ்' எண்ணையும் அந்த விகிதத்தால் பெருக்கினேன். 360 பிக்சல் திரையில் விகிதம் 0.3, எனவே 400 என்பது 120 ஆகும்.

ஆனால் போனைத் திருப்பியதும் மறுபடி குளறுபடி. ஏற்கெனவே சுருங்கிய எண்ணையே திரும்பப் பெருக்கியிருந்தேன்! மூல எண்களை முதலிலேயே 'டேட்டாசெட்'டில் (டேக்கிலேயே கூடுதல் தகவல் வைக்கும் இடம்) சேமித்து, ஒவ்வொரு முறையும் அதிலிருந்தே கணக்கிட வேண்டும். படம் இறங்குமுன் 'நேச்சுரல்விட்த்' 0 என்பதால் படம் இறங்கி முடிந்ததைச் சொல்லும் 'லோட்' நிகழ்வுக்குப் பிறகே கணக்கு. கேஷிலிருந்து (உலாவி முன்பே சேமித்து வைத்த நகலிலிருந்து) வரும் படத்துக்கு அந்த நிகழ்வு முன்னரே முடிந்திருக்கலாம். அதனால் படம் ஏற்கெனவே இறங்கிவிட்டதா என்று காட்டும் 'கம்ப்ளீட்' பண்பையும் பார்த்துவிடுங்கள்.

படத்தின் அளவு மாறுவதைக் கவனிக்க உலாவியில் உள்ள 'ரீசைஸ்அப்சர்வர்' வசதி போதும். 'எஸ்ஆர்சிசெட்' (திரைக்கேற்ப வெவ்வேறு அளவுப் படங்களைத் தரும் பண்பு) இருந்தால் 'நேச்சுரல்விட்த்'தை நம்பாமல் 1200 என்றே எழுதிவிடுவது நல்லது.