ஆப் செய்யக் கொடுக்கும் முன் ஒரு கணக்கு

குறைந்த செலவில் மொபைல் ஆப் செய்யப் போகிறீர்களா? டெவலப்பர் சொல்லும் தொகையோடு செலவு முடியாது. கூகுள் ப்ளேயில் ஆப் வெளியிடும் கணக்குக்கு 25 டாலர், ஒரே முறைதான். ஆப்பிளுக்கோ ஆண்டுதோறும் 99 டாலர். புதுப்பிக்காவிட்டால் ஆப் ஸ்டோரில் உங்கள் ஆப் இருக்காது. முதலில் ஆண்ட்ராய்டு மட்டும் போதும் என்பேன்.

பலரும் கவனிக்காதது, ஆப்பில் நுழைய அனுப்பும் ஓடிபி. ஒவ்வொரு எஸ்எம்எஸ்ஸுக்கும் காசு. ஆட்கள் சேரச் சேர பில்லும் ஏறும். இந்தியாவில் அதற்கு டிஎல்டி பதிவு வேறு, அதாவது எஸ்எம்எஸ் அனுப்பும் நிறுவனம் தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் செய்ய வேண்டிய பதிவு. தொடக்கத்தில் கூகுள் லாகின் வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை. சர்வர் வாடகை தனி.

ஆண்டுதோறும் புதிய ஆண்ட்ராய்டுக்கு ஏற்ப ஆப்பைத் திருத்தச் சொல்லும் கூகுள். அந்த வேலைக்கு எவ்வளவு என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். ப்ளே கணக்கும் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும்.