ஸ்கர்ட்டுக்கு மேல் ஏறிச் சுருண்ட ஸ்வெட்டர்: என் அனுபவம்

எனக்கு அகலமான இடுப்பு. ஸ்கர்ட்டுக்கு மேல் கம்பளி ஸ்வெட்டர் போட்டால், பத்தடி நடப்பதற்குள் அது மேலே ஏறி வயிற்றைச் சுற்றிச் சுருண்டுவிடும்.

ஒரு சைஸ் பெரிதாக வாங்கினேன். தோள் தொங்கியது, சுருளல் போகவில்லை. பெல்ட் கட்டினேன், அதற்கு மேல் துணி உப்பி நின்றது. ஊக்கு குத்தியதில் இரண்டு கண்ணி பிரிந்ததுதான் மிச்சம்.

நான்காம் நாள் கண்ணாடி முன் உட்கார்ந்து எழுந்தபோதுதான் கவனித்தேன். முதலில் ஏறுவது அடியில் இருக்கும் 2 அங்குல ரிப் பட்டை, அதாவது மேடும் பள்ளமுமாகக் கோடு கோடாகப் பின்னிய விளிம்பு. எலாஸ்டிக் மாதிரி இறுகிப் பிடிப்பதால், அகலமான இடத்தில் நிற்காமல் ஒடுங்கிய இடத்துக்கு வழுக்கிப் போகிறது. மற்றதெல்லாம் அதன் பின்னால்தான் வருகிறது.

சரி என்று பட்டையை மட்டும் குளிர்ந்த நீரில் அரை மணி நேரம் ஊறவைத்தேன். பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, என் இடுப்பளவுக்கு இழுத்து, துருப்பிடிக்காத குண்டூசி குத்தித் தட்டையாகக் காயவிட்டேன். காய்ந்ததும் நேராக விழுந்தது. அப்புறம் நாள் முழுக்க நடந்தும் ஏறவில்லை. அப்பாடா!

ஒவ்வொரு முறை துவைத்த பிறகும் இதே மாதிரி காயவைக்க வேண்டும். அக்ரிலிக் என்ற செயற்கை நூலுக்கு வெறும் தண்ணீர் போதாது. அதில் ரிப் பட்டை இல்லாத ஸ்வெட்டராகப் பார்த்து வாங்குவதே நல்லது.