பல் செட் பராமரிப்புக் காணொளிகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல் செட் பராமரிப்பு குறித்துக் காணொளி எடுக்கத் தொடங்கியுள்ள இளம் பல் மருத்துவர்கள் சிலர், வெளியிடுவதற்கு முன் அவற்றை என்னிடம் காட்டுவதுண்டு. பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த பிழைகளையே அவற்றில் மீண்டும் பார்க்கிறேன். ஒலி, ஒளி, நீளம் ஆகியவற்றைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அவற்றால் யாருடைய பல் செட்டும் கெட்டுப்போவதில்லை.

எந்தப் பல் செட் என்று சொல்லாமல் விடுவது

இன்றும் என்னை உறுத்துவது இதுதான். தொடக்ககாலக் காணொளி ஒன்றில், நீர்த்த சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில், அதாவது வீட்டில் புழங்கும் பிளீச்சில், ஊறவைத்தால் கிருமிகள் அழியும் என்று சொல்லியிருந்தேன். சொன்னது பொய்யன்று, ஆனால் அப்போது என் கையில் இருந்தது உலோகமே இல்லாத, அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக்கால் ஆன முழுப் பல் செட். சில மாதங்கள் கழித்து ஒரு பெரியவர், கோபால்ட்-குரோமியம் உலோகச் சட்டகம் கொண்ட தம் பகுதிப் பல் செட்டைக் கொண்டுவந்தார். கொக்கிகள் கறுத்திருந்தன, ஒன்று முறிந்தே போயிருந்தது. "நீங்கள் சொன்னபடி இரவு முழுவதும் ஊறவைத்தேன், டாக்டர்" என்றார்.

இரவு முழுவதும் என்று நான் சொல்லவில்லை. எவ்வளவு நேரம் என்றும் சொல்லவில்லை. குளோரின் சேர்ந்த கரைசல் உலோகத்தை அரிக்கும். முழுப் பல் செட்டைக்கூட அதில் 10 நிமிடங்களுக்கு மேல் ஊறவைக்கக் கூடாது என்று, 2011-இல் வெளியான அமெரிக்கச் செயற்கைப்பல் மருத்துவர்களின் வழிகாட்டுதல் கூறுகிறது. அளவெடுப்பதிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி தொடங்கினோம். செலவை நான் ஏற்றேன். காணொளியின் கீழே திருத்தம் எழுதினேன். அதற்குள் அது துண்டாக வெட்டப்பட்டு வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்ததால், திருத்தம் அதனுடன் செல்லவில்லை. எனவே, எந்த வகைக்கு, எத்தனை நிமிடம், எதற்குக் கூடாது என்ற மூன்றையும், கரைசலைக் காட்டும் அதே காட்சியில் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பற்பசையால் தேய்த்துக் காட்டுவது

அக்ரிலிக், பல்லின் எனாமலைவிட மென்மையானது. பற்பசையின் தேய்ப்புத் துகள்கள் அதில் கீறலிடும், கீறல்களில் பூஞ்சை தங்கும். மென்மையான பிரஷும் சோப்பு நீரும் போதும்.

கொதிநீர்

வேண்டாம். அக்ரிலிக் உருமாறும்.

மதிப்பெண்ணில் மயங்குவது

பார்வை எண்ணிக்கை தரத்தைக் காட்டாது என்பதை இந்த இளம் மருத்துவர்கள் அறிவார்கள். ஆனால் 1999-இல் வெளியான டிஸ்கர்ன் அளவுகோலில் தம் காணொளிக்குத் தாமே மதிப்பெண் போட்டு நிறைவடைகிறார்கள். அது சிகிச்சைத் தெரிவுகள் பற்றிய எழுத்துவடிவத் தகவல்களுக்காக உருவானது. காட்டப்படும் செய்முறை பார்ப்பவரின் கையிலுள்ள பல் செட்டுக்குப் பொருந்துமா என்று அது கேட்பதில்லை.

கழுவும் காட்சியை வெட்டுவது

பல் செட்டைச் சுத்தம் செய்யும் பொங்கும் மாத்திரை நீரில் கரையும் காட்சி அழகானது என்பதால் அது நீள்கிறது. பிறகு பல் செட் நேரே வாய்க்குப் போகிறது. அத்தகைய மாத்திரைகள் பலவற்றில் உள்ள பெர்சல்ஃபேட் என்ற வேதிப்பொருள் சிலருக்கு ஒவ்வாமை தரும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2008-இலேயே எச்சரித்துள்ளது. நன்கு கழுவுவதைக் குறைக்காமல் காட்டுங்கள். வாய்க்குள் வைத்துக்கொண்டே மாத்திரையைப் பயன்படுத்தக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.