புரோஜெஸ்ட்டிரோன் கிரீம்: குழந்தைக்காகத் தடவும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழந்தைக்காக ஏங்கும் பெண்ணுக்கு, புரோஜெஸ்ட்டிரோன் ஹார்மோன் கிரீமைக் காட்டி ‘இதைத் தடவினால் கரு தங்கும்’ என்று யாராவது சொன்னால் மனம் உடனே அதில் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் இதைச் சொல்லியாக வேண்டும்.

பெரிய தவறு, முட்டை வெடிப்பதற்கு முன்பே தடவ ஆரம்பிப்பது. முட்டை வெளியேறிய பிறகுதான் உடலே புரோஜெஸ்ட்டிரோனைச் சுரந்து கருப்பையின் உட்சுவரைத் தயார் செய்கிறது. முன்கூட்டியே வெளியிலிருந்து கொடுத்தால் முட்டை வெடிப்பதே தடைபடலாம். கருப்பை வாயின் திரவமும் கெட்டியாகி விந்தணுவை வழிமறிக்கும். ‘மாதவிடாய் தொடங்கிய 14-ம் நாளிலிருந்து தடவலாம்’ என்ற கணக்கு 28 நாள் சுழற்சிக்கானது. 35 நாளுக்கு ஒருமுறை மாதவிடாய் வருபவருக்கு முட்டை 21-ம் நாள் வாக்கில்தான் வெடிக்கும். அவர் 14-ம் நாளே தடவினால், எதற்காகக் காத்திருக்கிறாரோ அதையே தடுத்துக்கொள்கிறார். புரோஜெஸ்ட்டிரோன் அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனைக்கும் இதே கதைதான்: எல்லோருக்கும் 21-ம் நாள் அல்ல, முட்டை வெடித்து 7 நாள் கழித்து.

அப்புறம், டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். காட்டு வள்ளிக்கிழங்குச் சாறு மட்டும் இருந்தால் அது ஹார்மோன் கிரீமே இல்லை. அதிலுள்ள டயோஸ்ஜெனின் என்ற பொருளை ஆய்வகத்தில் புரோஜெஸ்ட்டிரோனாக மாற்றலாம். நம் உடலால் முடியாது.

நாள் தள்ளிப்போனதும் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். புரோஜெஸ்ட்டிரோனே மாதவிடாயைத் தள்ளிப்போடும். பரிசோதித்துப் பார்த்துவிடுங்கள்.

கரு தங்கிவிட்டது, சரி. ‘கலையாமல் இருக்க’ கிரீமையே நம்பலாமா? கூடாது. தோல் வழியே எவ்வளவு உள்ளே போகும் என்பது ஆளுக்கு ஆள் மாறும், பெரும்பாலும் குறைவு. 2019-ல் வெளியான பிரிட்டன் ஆய்வில், கர்ப்பத்தின் ஆரம்பத்தில் ரத்தக்கசிவு ஏற்பட்ட 4,153 பெண்கள் இருந்தார்கள். அதில் கொடுத்தது கிரீம் அல்ல; பிறப்புறுப்பில் வைக்கும் 400 மி.கி. மருந்து, தினம் இருமுறை. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் தெளிவான பலன் தெரியவில்லை. ஆனால் முன்பு 3 முறையோ அதற்கு மேலோ கரு கலைந்தவர்களில், மருந்து எடுத்தவர்களில் 72 சதவீதத்தினருக்குக் குழந்தை பிறந்தது. எடுக்காதவர்களில் 57 சதவீதம். இந்தப் பலனைக் கிரீமின் கணக்கில் எழுத முடியாது.

மருத்துவர் ஏற்கெனவே புரோஜெஸ்ட்டிரோன் கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம்.

ரத்தம் கசிந்தால், ‘இன்னும் கொஞ்சம் தடவிப் பார்ப்போம்’ என்று ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள். கரு குழாயில் தங்கியிருந்தாலும் இப்படித்தான் தொடங்கும். அடிவயிற்றில் ஒரு பக்க வலி, தோள் முனையில் வலி, தலைசுற்றல் இவற்றில் எதுவாவது சேர்ந்துவந்தால் அந்த நிமிடமே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.